உடலின் காவல்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சென்ற இதழில் காய்ச்சலைப் பற்றி எழுதிய சிறு குறிப்பைத் தொடர்ந்து, நோய் எதிர்ப்பு ஆற்றல் பற்றிப் பல கடிதங்கள் வந்துள்ளன. ஒரே பொருளைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்து, இம்முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். சொந்த உடல்நிலை பற்றிய செய்திகள் இருப்பதால் எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: விரலில் மரச் சிராய் ஏறியது. அன்றிரவே அந்த இடம் சிவந்து வீங்கி விண் விண்ணென்று தெறித்தது. மூன்றாம் நாள் சீழ் கோத்துக்கொண்டது. எனக்கு எதிர்ப்பு சக்தி குறைந்துவிட்டது என்பதற்கு இது அடையாளமா?

பதில்: இல்லை. எதிர்ப்பு ஆற்றல் வேலை செய்யும்போது வெளியே தெரியும் தோற்றத்தைத்தான் நீங்கள் கண்டிருக்கிறீர்கள். தோல் கிழியாமல் இருக்கும்வரை அதன்மேல் வாழும் எண்ணற்ற பாக்டீரியாக்களால் நமக்குத் தொல்லையில்லை. சிராய் அந்தச் சுவரில் ஓட்டை போட்டு, தன் முனையில் ஒட்டியிருந்தவற்றை உள்ளே கொண்டுபோய் வைத்துவிடுகிறது. தோலுக்கு அடியில் மேக்ரோஃபேஜ் எனப்படும் பெருவிழுங்கி அணுக்கள் ஏற்கெனவே குடியிருக்கின்றன. வந்திருப்பது இன்ன கிருமி என்று அவற்றுக்குத் தெரியாது. பாக்டீரியாவின் செல்சுவரில் மட்டுமே இருக்கக்கூடிய, மனித உடலில் எங்கும் இல்லாத சில மூலக்கூறுகளைத் தொட்டுணர்ந்து, இது நம்முடையது அல்ல என்ற அளவில் முடிவுக்கு வந்து, வேதிப்பொருள்களால் அக்கம்பக்கத்துக்குச் செய்தி அனுப்புகின்றன. நுண்ணிய ரத்தக்குழாய்கள் விரிவதால் சிவப்பும் சூடும் உண்டாகின்றன. குழாய்ச் சுவர் தளர்ந்து நீர் கசிவதால் வீக்கம் வருகிறது. நரம்பு முனைகள் தூண்டப்படுவதால் வலி தெறிக்கிறது.

அடுத்த சில மணி நேரத்தில் நடப்பதை உயிருள்ள விலங்குகளின் திசுவில் நுண்ணோக்கி வழியாகப் பார்க்க முடியும். ரத்த ஓட்டத்தோடு விரைந்து போய்க்கொண்டிருக்கும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள், காயத்துக்கு அருகிலுள்ள குழாயின் உட்சுவரில் மெல்ல ஒட்டுகின்றன. ஒட்டியும் விடுபட்டும் சிறிது தூரம் உருளுகின்றன. பிறகு நின்று, சுவரின் இரண்டு செல்களுக்கு நடுவிலுள்ள இடுக்கில் உடலை ஒடுக்கி நுழைந்து வெளியேறி, செய்தி எந்தத் திசையில் அடர்த்தியாக வருகிறதோ அந்தத் திசை நோக்கி ஊர்ந்து போகின்றன. கிருமிகளை விழுங்குகின்றன, விழுங்க முடியாதவற்றின்மேல் தம் டி.என்.ஏ. இழைகளையே வலையாக வீசிவிட்டு மடிகின்றன. அப்படி மடிந்தவையும், அழிந்த கிருமிகளும், சிதைந்த திசுவும் சேர்ந்ததுதான் சீழ். இந்தச் செலவை ஈடுகட்ட எலும்பு மஜ்ஜை நாள்தோறும் ஏறத்தாழ 10,000 கோடி நியூட்ரோஃபில்களை உற்பத்தி செய்கிறது.

சிராய்க்கும் இந்த அறிவியலுக்கும் பழைய உறவு உண்டு. 1882-இல் சிசிலித் தீவின் மெசினா நகரில், வீட்டார் அனைவரும் குரங்கு வித்தை பார்க்கச் சர்க்கஸுக்குப் போயிருந்த நேரத்தில், தனியாக இருந்த விலங்கியலாளர் இலியா மெச்னிகோவ் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் நட்சத்திரமீன் குஞ்சுகளின் உடலில் ரோஜா முட்களைச் செருகி வைத்தார். மறுநாள் காலையில் பார்த்தபோது, ஒவ்வொரு முள்ளையும் நகரும் செல்கள் மொய்த்துச் சூழ்ந்திருந்தன. விழுங்கும் செல்கள் உடலைக் காக்கின்றன என்ற கருத்து அங்கிருந்து தொடங்கியது. 1908-இல் பால் எர்லிக்குடன் சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

உங்கள் விரலைப் பொறுத்தவரை, சிராயை எடுத்துவிட்டுச் சீழ் வெளியேற வழி செய்தால் பெரும்பாலும் ஆறிவிடும். சிவப்பு ஒரு கோடாகக் கையில் மேலேறினாலோ, குளிரும் காய்ச்சலும் வந்தாலோ, காவல் வளையம் உடைந்து கிருமி பரவுகிறது என்று பொருள். அப்போது மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

கேள்வி: காய்ச்சல் உடலுக்கு நல்லது என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். அப்படியானால் பாராசிட்டமால் கொடுப்பது தவறா?

பதில்: தவறு என்று நான் எழுதவில்லை, எழுதியதாகப் படும்படி எழுதியிருந்தால் பிழை என்னுடையது. காய்ச்சல் கிருமி மூட்டும் நெருப்பு அல்ல. வெள்ளை அணுக்கள் வெளியிடும் வேதிப்பொருள்களின் தூண்டுதலால் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் புரோஸ்டாகிளாண்டின் உருவாகி, உடலின் வெப்ப அளவுகோலையே உயர்த்திவிடுகிறது. அதனால்தான் உடல் 39 டிகிரி செல்சியஸில் கொதிக்கும்போதும் நோயாளி குளிருகிறது என்று போர்வை கேட்கிறார். 1970-களில் பாலைவன இகுவானா என்ற பல்லி இனத்தை வைத்துச் செய்த சோதனை புகழ்பெற்றது. தானாக வெப்பம் உண்டாக்கிக்கொள்ள இயலாத அந்தப் பிராணிகள் தொற்று ஏற்பட்டதும் சூடான இடத்தைத் தேடிப்போயின. குளிர்ந்த இடத்தில் அடைத்து வைக்கப்பட்டவை அதிக எண்ணிக்கையில் மடிந்தன.

ஆனாலும் காய்ச்சலுக்கு விலை உண்டு. ஒவ்வொரு டிகிரி உயர்வுக்கும் உடலின் எரிபொருள் செலவு ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது. பலவீனமான இதயம் உள்ளவருக்கும், நீர் வற்றிய குழந்தைக்கும் அது சுமை. வேதனையைத் தணிக்கப் பாராசிட்டமால் கொடுக்கலாம்; வெப்பமானியின் எண்ணை இறக்குவதையே குறியாகக் கொண்டு கொடுக்க வேண்டியதில்லை. மூன்று மாதம் நிறையாத சிசுவுக்கு 38 டிகிரி தொட்டாலே, மாத்திரையை யோசிக்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

கேள்வி: தொண்டை வலித்தால் என் மகளுக்குக் கழுத்தில் நெறி கட்டுகிறது. வலி போன பிறகும் பல நாள் தடவினால் தட்டுப்படுகிறது. அது என்ன? ஏன் உடனே மறைவதில்லை?

பதில்: நெறி என்று நாம் சொல்வது நிணநீர்க் கணுவின் வீக்கம். உடலில் 500 முதல் 800 வரை கணுக்கள் இருக்கின்றன. திசுக்களிலிருந்து வடிந்துவரும் நிணநீரை வடிகட்டுவதோடு, இந்த முழு ஏற்பாட்டிலேயே எனக்கு மிக வியப்பூட்டும் செயலும் அங்கேதான் நடக்கிறது.

முதல் பதிலில் சொன்ன விழுங்கிகள் கிருமியைப் பொதுவாக மட்டுமே அறிபவை. இந்தக் கிருமி, இந்த வகை என்று தனித்தறியும் வேலை டி செல்களுக்கும் பி செல்களுக்கும் உரியது. இவை ஒவ்வொன்றும் ஒரே ஒரு வடிவத்தை மட்டும் பற்றக்கூடிய உணரியோடு பிறக்கின்றன. மனிதனுக்குப் புரதம் உண்டாக்கும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000 மட்டுமே இருக்க, கோடிக்கணக்கான வெவ்வேறு உணரிகள் எங்கிருந்து வருகின்றன என்பது நெடுங்காலம் புதிராக இருந்தது. மரபணுவின் துண்டுகளை ஒவ்வொரு செல்லும் தனக்கென்று வெட்டி, கலைத்து, வேறுவேறு விதமாக ஒட்டிக்கொள்கிறது என்று சுசுமு டொனெகாவா காட்டினார். 1987-இல் நோபல் பரிசு பெற்றார். உலகில் இன்னும் தோன்றாத கிருமிக்குக்கூடப் பொருந்தும் உணரி ஒன்று இன்றே உங்கள் மகளின் உடலில் சுற்றிக்கொண்டிருக்கலாம்.

சிக்கல் என்னவென்றால், குறிப்பிட்ட ஒரு கிருமித் துணுக்குக்குப் பொருந்தும் டி செல் லட்சத்தில் ஒன்றோ, பத்து லட்சத்தில் ஒன்றோதான் இருக்கும். தொண்டையில் கிருமியை விழுங்கிய டென்ட்ரிட்டிக் செல், அதன் துணுக்குகளைத் தன் மேற்பரப்பில் ஏந்திக்கொண்டு கணுவுக்கு வந்து உட்காருகிறது. வழிப்போக்கர்களாக வரும் டி செல்கள் ஒவ்வொன்றாக அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகின்றன. பொருந்தும் செல் வந்து சேரும்போது அது அங்கேயே தங்கி, நாளுக்கு இரண்டு முதல் நான்கு முறை பிளந்து பெருகுகிறது. வெளியேறும் வாயில் சில நாள் அடைபட, உள்ளே வருவோர் கூட்டம் கூட, கணு புடைக்கிறது. பி செல்களோ பெருகும்போதே தம் உணரி மரபணுவில் வேண்டுமென்றே எழுத்துப்பிழைகளைச் செய்துகொள்கின்றன. பிழையால் பற்றும் வலிமை கூடியவை பிழைக்கின்றன, குறைந்தவை சாகின்றன. இத்தனையும் முடிந்து, பி செல்கள் வெளியிடும், கிருமியைப் பற்றும் புரதமான ஆன்டிபாடி நல்ல தரத்தோடு போதிய அளவில் ரத்தத்தில் கலக்க ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகிறது. பல தொற்றுகள் ஏழெட்டு நாளில் தணிவதற்கு இதுவும் ஒரு காரணம். கூட்டம் கலைய இன்னும் சில வாரம் எடுக்கும். அதைத்தான் நீங்கள் தடவிப் பார்க்கிறீர்கள்.

கல்போல் கெட்டியாக, வலியில்லாமல், நாலு வாரம் கடந்தும் வளரும் நெறியையும், காறை எலும்புக்கு மேலே தோன்றும் நெறியையும், எடை குறைதலோ இரவு வியர்வையோ சேர்ந்து வரும் நெறியையும் அலட்சியம் செய்யக் கூடாது.

கேள்வி: தட்டம்மை ஒருமுறை வந்தால் மறுமுறை வராது என்கிறார்கள். சளி மட்டும் ஆண்டுக்கு நாலு முறை வருகிறதே? உடல் ஏன் இதை நினைவில் வைப்பதில்லை?

பதில்: நினைவில் வைக்கிறது; வருகிறவர்தான் வேறு ஆள். சளி உண்டாக்கும் ரைனோ வைரஸில் மட்டுமே 160-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. இந்த மாதம் ஒன்றை வென்ற நினைவு, அடுத்த மாதம் வரும் இன்னொன்றுக்குப் பெரிதாக உதவாது. இன்ஃபுளூயன்சா தன் மேற்பரப்புப் புரதங்களைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே இருப்பதால்தான், தடுப்பூசியில் எந்த வகைகளைச் சேர்ப்பது என்று உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை பரிந்துரை வெளியிடுகிறது. தட்டம்மை வைரஸோ, பாதுகாப்பைப் பொறுத்தவரை, பல பத்தாண்டுகளாக அதே முகத்தோடு வருகிறது.

அந்த நினைவின் ஆயுளுக்கு வட அட்லாண்டிக்கில் உள்ள ஃபாரோ தீவுகள் நல்ல சாட்சி. அங்கே 1781-இல் தட்டம்மை பரவி அடங்கிய பின் 65 ஆண்டுகள் அந்நோய் எட்டிப் பார்க்கவில்லை. 1846-இல் திரும்ப வந்தபோது, எண்ணாயிரத்துக்கும் குறைவான மக்களில் ஏறத்தாழ 6,000 பேரைப் படுக்கவைத்தது. டென்மார்க்கிலிருந்து அனுப்பப்பட்ட பீட்டர் பானும் என்ற இளம் மருத்துவர் வீடு வீடாக விசாரித்தார்; 1781-இல் நோய் கண்டிருந்த முதியவர்களில் ஒருவருக்குக்கூட இம்முறை அது வரவில்லை என்று பதிவு செய்தார். இடையில் ஒருமுறைகூட அந்த வைரஸைச் சந்திக்காத உடல்கள், சிறுவயதுச் சந்திப்பை ஆயுள் முழுதும் மறக்காமல் இருந்திருக்கின்றன.

இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, குழந்தைக்குத் தட்டம்மை வந்து போகட்டும், இயற்கையான எதிர்ப்பு கிடைக்கும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த வைரஸ் நினைவைச் சுமக்கும் வெள்ளை அணுக்களுக்குள்ளும் புகுந்துவிடுகிறது. தடுப்பூசி போடாத குழந்தைகளின் ரத்தத்தை நோய்க்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டு 2019-இல் வெளியான ஆய்வில், மற்ற கிருமிகளுக்கு எதிராக அவர்கள் சேர்த்து வைத்திருந்த ஆன்டிபாடி வகைகளில் 11 முதல் 73 சதவீதம் வரை அழிந்திருந்தது தெரிந்தது. தன்னை மட்டும் நினைவில் எழுதிவிட்டு, பிறர் எழுதிய பக்கங்களைக் கிழித்துப் போகும் விருந்தாளி அது. தடுப்பூசி அந்தச் சேதத்தைச் செய்வதில்லை.

கேள்வி: டெட்டனஸ் வந்து பிழைத்த உறவினருக்கு மருத்துவமனையிலேயே டெட்டனஸ் தடுப்பூசியும் போட்டார்கள். வந்து போன நோய்க்கு எதற்குத் தடுப்பூசி?

பதில்: ஆளைக் கொல்லப் போதுமான டெட்டனஸ் நஞ்சின் அளவு, எதிர்ப்பு ஆற்றலை விழிக்கச் செய்யும் அளவைவிடக் குறைவு. உடம்பு வில்லாக வளையும். நினைவு எதுவும் பதியாது. ஊசியில் இருப்பது வீரியம் நீக்கிய நஞ்சு. அதை உடல் கவனிக்கும் அளவில் தாராளமாகக் கொடுக்கலாம். உங்கள் மருத்துவர்கள் சரியாகவே செய்திருக்கிறார்கள்.

கேள்வி: எல்லாத் தடுப்பூசியையும் நோய்க்கு முன்னால் போடுகிறோம். நாய்க்கடிக்கு மட்டும் கடித்த பிறகு போட்டால் போதும் என்கிறார்களே, எப்படி?

பதில்: ரேபிஸ் வைரஸ் மெல்ல நடப்பது நமக்குக் கிடைத்த சலுகை. கடித்த இடத்தில் நுழைந்த வைரஸ் நரம்பு முனையைப் பற்றி, அதன் உள்ளேயே மூளை நோக்கி நகர்கிறது. நோய்க்குறி தோன்றப் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் ஆகும். ஒரு வாரத்திலும் வரலாம், ஓராண்டும் ஆகலாம். நரம்புக்குள் ஒளிந்து செல்லும் அந்தப் பயணத்தில் அது வீக்கமோ காய்ச்சலோ உண்டாக்குவதில்லை, காவல் அணுக்களின் கண்ணில் படுவதும் இல்லை. ஆகவே தடுப்பூசியின் வேலை, வைரஸ் காட்டாமல் மறைக்கும் தன் முகத்தைப் புஜத்தில் வேறு வழியாக உடலுக்குக் காட்டிவிடுவது. வைரஸ் மூளைக்குப் போய்ச் சேருமுன் ஆன்டிபாடி உருவாகிவிட்டால் ஆள் தப்பித்தார். நோய்க்குறி தோன்றிய பின் ஏறத்தாழ எவரும் பிழைப்பதில்லை.

தடுப்பூசியால் ஆன்டிபாடி உருவாக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும் என்பதால், தோல் கிழிந்த கடிகளில் அந்த இடைவெளியை நிரப்ப, ஆயத்த ஆன்டிபாடியான இம்யூனோகுளோபுலினைக் காயத்தைச் சுற்றிச் செலுத்துகிறார்கள். இதற்கெல்லாம் முன்னதாகக் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். எளிய வேலை என்பதாலோ என்னவோ, பலரும் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். நரம்பைத் தொடுமுன் கழுவி வெளியேறிய வைரஸுக்கு ஊசியே தேவைப்படாது. ஆனால் எல்லாம் வெளியேறியதா என்று யாராலும் சொல்ல முடியாததால் ஊசியையும் விடக் கூடாது.

கேள்வி: இவ்வளவு ஏற்பாடு இருந்தும் காசநோயும் எச்.ஐ.வி.யும் உடலை எப்படி ஏமாற்றுகின்றன?

பதில்: இரண்டும் காவலர் குடியிருப்புக்குள்ளேயே வாடகைக்கு இருப்பவை. காசநோய்க் கிருமியை மேக்ரோஃபேஜ் வழக்கம்போல் விழுங்குகிறது. விழுங்கியதைச் செரிக்கும் நொதிப் பையோடு இணைப்பது அடுத்த படி. அந்த இணைப்பைக் கிருமி தடுத்துவிட்டு, தன்னைத் தின்னவந்த செல்லின் வயிற்றிலேயே வாழ்கிறது. கொல்ல முடியாத உடல் அதைச் சிறை வைக்கிறது: செல்கள் சுற்றிலும் அடுக்கடுக்காகக் கூடிக் கிரானுலோமா என்ற முடிச்சைக் கட்டுகின்றன. உலக மக்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு இந்தத் தொற்று ஏற்பட்டிருப்பதாக மதிப்பிடுகிறார்கள். அவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்கே வாழ்நாளில் என்றேனும் அது நோயாக வெடிக்கிறது. மற்றவர்களுக்குச் சிறைச்சுவர் நிற்கிறது. முடக்குவாதத்துக்காக டி.என்.எஃப். என்ற வேதித் தூதுவனைத் தடுக்கும் மருந்தைத் தொடங்குமுன் காசநோய்ப் பரிசோதனை செய்வதன் காரணம் இதுதான்: அந்தச் சுவரைப் பூசிக் காப்பதே டி.என்.எஃப்.

எச்.ஐ.வி. இன்னும் ஆழமாகக் கை வைக்கிறது. பி செல்லுக்கும் விழுங்கிகளுக்கும் ஊக்கம் தரும் சி.டி.4 டி செல்லுக்குள் புகுந்து, தன் மரபணுவை அதன் மரபணுவோடு தைத்துவிடுகிறது. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500 முதல் 1,500 வரை இருக்கவேண்டிய அந்தச் செல்கள் சில ஆண்டுகளில் 200-க்குக் கீழே இறங்கும்போது, ஆரோக்கியமானவரைத் திரும்பிக்கூடப் பார்க்காத பூஞ்சைகள் நுரையீரலில் குடியேறுகின்றன. 1996 முதல் கிடைக்கும் கூட்டு மருந்துகள் வைரஸின் பெருக்கத்தை நிறுத்திச் செல்களை மீளச் செய்கின்றன. தைத்ததைப் பிரிக்க அவற்றால் முடிவதில்லை. மருந்தை நிறுத்தக் கூடாது என்று வற்புறுத்துவது அதனால்தான்.

கேள்வி: என் தாயார் சிறுநீர்த் தொற்றில் தொடங்கி ஐந்தே நாளில் இறந்துவிட்டார். கிருமியைவிட உடலின் எதிர்ப்பே உறுப்புகளைக் கெடுத்துவிட்டது என்றார் மருத்துவர். எங்களுக்கு இன்னும் புரியவில்லை.

பதில்: உங்கள் துயரத்துக்கு என் ஆறுதல். மருத்துவர் சொன்னது செப்சிஸ் என்ற நிலையை. முதல் பதிலில் வந்த விரலை நினைத்துக்கொள்ளுங்கள். குழாய் விரிதல், சுவர் தளர்ந்து நீர் கசிதல், சுற்றிலும் ரத்தம் உறைந்து அணை கட்டுதல் எல்லாம் ஒரு விரலின் நுனியில் நடந்தால் அது காவல். அதே வேலை, அதே வேதிப்பொருள்களால், உடல் முழுதும் ஒரே நேரத்தில் நடந்தால் ரத்த அழுத்தம் வீழ்கிறது; நுரையீரலில் நீர் கோக்கிறது; சிறுநீரகத்தின் மெல்லிய குழாய்களில் ரத்தம் உறைகிறது. 2017-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 4.89 கோடிப் பேர் இந்நிலைக்கு உள்ளானதாகவும், 1.1 கோடிப் பேர் இறந்ததாகவும் கணக்கிட்டிருக்கிறார்கள்.

அப்படியானால் எதிர்ப்பை மருந்தால் அடக்கியிருக்கலாமே என்று தோன்றும். டி.என்.எஃப்.-ஐத் தடுக்கும் மருந்துகளை 1990-களில் அந்த நம்பிக்கையோடுதான் சோதித்தார்கள்; எதிர்பார்த்தபடி உயிர்கள் காப்பாற்றப்படவில்லை. அதே நோயாளியின் உடலில் ஒருபுறம் எதிர்ப்பு எல்லை மீறும்போதே மறுபுறம் வெள்ளை அணுக்கள் களைத்து ஓய்ந்துபோகின்றன என்பது பின்னர் தெளிவானது. இன்றைய சிகிச்சை, ஆன்டிபயாட்டிக்கை மணிக்கணக்கில் தாமதிக்காமல் தொடங்குவதும், ரத்தக்குழாய் வழியே திரவம் செலுத்துவதும், உறுப்புகளைத் தாங்கிப் பிடிப்பதும்தான். முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் இது வரலாம். திடீர்க் குழப்பப் பேச்சு, வேகமான மூச்சு, சிறுநீர் குறைதல் மட்டுமே தெரியும். நீங்கள் கவனிக்கத் தவறியதாக வருந்தியிருக்கிறீர்கள். மருத்துவமனைக்குள்ளேயே கண்டுபிடிக்கச் சிரமப்படும் ஒன்றை வீட்டில் இருப்பவர் கண்டிருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது.

கேள்வி: எனக்கு மூட்டுகளில் ருமட்டாய்டு முடக்குவாதம். எதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். அத்தோடு எதிர்ப்பு சக்தியைப் பெருக்கும் பொடி ஒன்றையும் நண்பர் வாங்கித் தந்திருக்கிறார். சாப்பிடலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் எதிர்ப்பு ஆற்றலே உங்கள் மூட்டுகளைத் தாக்குவதுதான் இந்த முடக்குவாதம். பொடி சொன்னதைச் செய்யாவிட்டால் காசு வீண். சொன்னதைச் செய்தால் உங்கள் மூட்டு வீண். இரண்டாவதற்கு வாய்ப்புக் குறைவு என்றாலும், அதில் என்ன கலந்திருக்கிறது என்று உங்கள் மருத்துவருக்குக் கூடத் தெரியாது.

எதிர்ப்பு சக்தி என்ற சொல்லே நம்மைத் தவறான வழியில் இழுக்கிறது என்பது என் கருத்து. சக்தி என்றதும் கூட்டக் கூட்ட நல்லது என்று மனம் எண்ணிக்கொள்கிறது. படை, போர், சிப்பாய் என்று எழுதிப் பழகிய எங்களைப் போன்றவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. இந்தப் பக்கத்திலேயே காவலர் என்று எத்தனை முறை எழுதிவிட்டேன். உண்மையில் இந்த ஏற்பாட்டின் கடினமான பணி அடிப்பதல்ல, அடிக்காமல் இருப்பது. கண்மூடித்தனமாக வெட்டி ஒட்டி உருவாகும் உணரிகளில் சில நம் சொந்தத் திசுவையே பற்றுபவையாக அமைவது தவிர்க்க முடியாதது. மார்பெலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில் டி செல்களைச் சோதித்துப் பெரும்பாலானவற்றை உடல் கொன்றுவிடுகிறது. சோதனையில் தப்பித்து வெளியே வருபவற்றை அடக்கி வைக்கவென்றே தனி டி செல் வகை உண்டு என்று ஷிமோன் சகாகுச்சி 1995-இல் காட்டினார்; அந்த வகையை இயக்கும் ஃபாக்ஸ்பி3 என்ற மரபணுவை மேரி பிரன்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும் 2001-இல் அடையாளம் கண்டார்கள். மூவருக்கும் 2025-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அந்த ஒரு மரபணு கெட்டுப் பிறக்கும் ஆண் குழந்தைகளின் உடல், தன் குடலையும் கணையத்தையும் தோலையும் தானே தாக்குகிறது.

உண்மையாகவே எதிர்ப்பைப் பெருக்கும் மருந்து எப்படி இருக்கும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. டி செல்களை நேரடியாகத் தூண்டும் டி.ஜி.என்.1412 என்ற மருந்தை 2006 மார்ச்சில் லண்டனில் ஆரோக்கியமான ஆறு இளைஞர்களுக்கு முதன்முறையாகச் செலுத்தினார்கள். விலங்குகளில் பாதுகாப்பானது என்று கண்ட அளவில் ஐந்நூறில் ஒரு பங்கே கொடுக்கப்பட்டது. சில மணி நேரத்தில் ஆறு பேருக்கும் உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கத் தொடங்கின. தீவிர சிகிச்சையால் அனைவரும் உயிர் பிழைத்தார்கள். புற்றுநோய்க்கு இன்று தரப்படும், டி செல்களின் தடையை விலக்கும் மருந்துகள் பலரை வாழவைப்பவை. அவற்றுக்கும் குடல், தைராய்டு, நுரையீரல் அழற்சி என்ற பக்கவிளைவுப் பட்டியல் உண்டு. கடையில் விற்கும் பொடிகள் இப்படி எதையும் செய்வதில்லை என்பதே அவற்றால் இத்தகைய ஆபத்து நேராததற்குக் காரணம்.

குறை இருந்தால் அதை நிரப்புவது வேறு விஷயம். புரதமும் துத்தநாகமும் வைட்டமின் ஏ-யும் போதாத குழந்தைக்கு அவற்றைக் கொடுத்தால் தொற்றை எதிர்க்கும் திறன் மீள்கிறது. போதுமானவருக்கு மேலும் கொடுத்தால் மீள்வதற்கு ஒன்றுமில்லை. வைட்டமின் ஏ மிகுந்தால் கல்லீரல் கெடும். உங்களுக்குத் தேவையானது, மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் இருப்பதும், உங்கள் நிலையில் போடத்தக்க தடுப்பூசிகளை மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்வதும்தான்.

கேள்வி: ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் 11,800 என்று வந்திருக்கிறது. ஆபத்தா?

பதில்: பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 4,000 முதல் 11,000 வரை. சிறு தொற்று, ஸ்டீராய்டு மாத்திரை, கர்ப்பம், ஏன், மாடிப்படி ஓடி ஏறியதுகூட இந்தச் சிறு உயர்வைத் தரும். எந்த வகை அணு கூடியிருக்கிறது என்று பார்த்து, சில வாரம் கழித்து மறுபடி எண்ணச் சொல்லுங்கள்.

கேள்வி: இருபது ஆண்டுகளுக்கு முன் விபத்தில் என் மண்ணீரலை அகற்றிவிட்டார்கள். இதுவரை தொல்லை ஏதும் இல்லை. மண்ணீரல் இல்லாமலும் வாழலாம் என்பதால் கவலைப்பட வேண்டியதில்லை அல்லவா?

பதில்: வாழலாம், ஆனால் இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் நான் அவசரமாக விடையெழுத விரும்பியது உங்களுடையதற்குத்தான். நிணநீர்க் கணுக்கள் நிணநீரைக் காப்பதுபோல் ரத்தத்தைக் காப்பது மண்ணீரல். நியூமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ் போன்ற சில பாக்டீரியாக்கள் வழவழப்பான சர்க்கரை உறை போர்த்தியவை. விழுங்கிகளின் பிடிக்குள் வழுக்குபவை. அவற்றின்மேல் ஒட்டும் ஆன்டிபாடியை விரைந்து தருவதும், ஒட்டப்பட்டவற்றை ரத்தத்திலிருந்து பொறுக்கி எடுப்பதும் மண்ணீரலின் சிறப்பு வேலை. அது இல்லாதவரின் ரத்தத்தில் இவை புகுந்தால், காலையில் காய்ச்சலாகத் தொடங்கியது இரவுக்குள் உயிர்போகும் செப்சிஸாகலாம். இத்தகைய நிகழ்ச்சி அரிது. ஆனால் அறுவை நடந்த ஓரிரு ஆண்டோடு ஆபத்து முடிந்துவிடுவதில்லை; பல பத்தாண்டுகள் கழித்தும் நேர்ந்திருக்கிறது.

எனவே இந்த வாரமே மருத்துவரைப் பார்த்து, நியூமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் (ஹீமோஃபிலஸ் இன்ஃபுளூயன்சா பி என்ற பாக்டீரியா) ஆகியவற்றுக்கான தடுப்பூசிகளும் ஆண்டுதோறும் ஃபுளூ தடுப்பூசியும் பற்றிக் கேளுங்கள். அவசரத்துக்கு வீட்டில் வைத்துக்கொள்ள ஆன்டிபயாட்டிக் எழுதித் தரச் சொல்லுங்கள். நாய் கடித்தாலும், மலேரியா உள்ள பகுதிக்குப் பயணம் போவதானாலும், மண்ணீரல் இல்லை என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். பணப்பையில் ஓர் அட்டையிலும் எழுதி வையுங்கள். காய்ச்சலோ குளிர்நடுக்கமோ வந்தால், நள்ளிரவானாலும், அந்த மாத்திரையின் முதல் வேளையைப் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குப் புறப்பட்டுவிடுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.